போத்தலும் சீனியும் மூன்றாம் ஓலையும்

என் மாமியின் கதைகளில் வருகிற ஆண்களும் பெண்களும் முதலில் மேசைச் சாமான்களாகத்தான் பிறந்தார்கள். மாமி என்றால் அப்பாவின் தங்கை. கலியாணம் கட்டாதவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலேயே எங்களோடு இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் ஐந்து மணித் தேநீருக்குள் ஒரு முழுக்கதை எழுதி முடித்துவிடுவார். ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலரில் வாராவாரம் அவருடைய ஒரு பக்கக் கதை வந்தது. நான்கு வருடமாக ஒரு வாரமும் தவறவில்லை என்று அப்பா போகிற இடமெல்லாம் சொல்லுவார், தானே எழுதியதுபோல.

எழுதும்போது மாமி பெயருக்காக நிற்கமாட்டார். பெயர் வேண்டிய இடம் வந்ததும் கண் ஒரு தடவை நிமிரும். மேசையில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் ஆளின் பெயர். பேனை ஓடிக்கொண்டே இருக்கும். ‘போத்தல் கதவைத் தட்டினான். சீனி திறக்கவில்லை.’ ஒரு வாரம் ஒரு குடும்பமே பாண், பட்டர், உப்பு, கரண்டி என்று வந்தது. “உங்கட மாமி பசியோட இருந்து எழுதியிருக்கிறா” என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வயதில் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைக்கவே பென்சிலின் பின்பக்கத்தை அரைவாசி கடித்துத் தின்கிற பிள்ளை நான்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“பேர் யோசிச்சுக்கொண்டு இருந்தா கதை அங்கால போயிடும் பிள்ளை. அது எங்களுக்காக நிக்காது.”

உண்மையான பெயர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும். பூசை முடிகிற நேரத்தில் பங்குத்தந்தை ஓலை வாசிப்பார். கலியாணம் செய்யப்போகிற மாப்பிள்ளை, பெண்ணின் பெயரும் ஊரும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கவேண்டும் என்று கேட்பார். இப்படி மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கலியாணம். மற்றவர்கள் அந்த நேரத்தில் செருப்பைத் தேடுவார்கள். மாமி பூசைத்தாளின் ஓரத்தில் பெயர்களைக் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் போத்தலை வெட்டி ஒரு பெயர், சீனியை வெட்டி ஒரு பெயர் என்று போட்டு, நல்ல தாளில் பிரதி எடுத்துவிடுவார்.

ஒரு தடவை நானும் ஒரு பெயர் கொடுத்தேன், பிரான்சிஸ் என்று. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பிரான்சிஸ் இருந்தார்கள். பாண்காரரும் பிரான்சிஸ்தான். மாமி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“அது வேண்டாம். அந்தப் பேர் வந்தா எனக்குக் கதை ஓடாது.”

இது பெரிய தொழில் இரகசியம் என்று நினைத்து, ‘ஸ் என்று முடிகிற பெயர் கதைக்கு ஆகாது’ என்று கொப்பியில் எழுதிவைத்தேன். அடுத்த வாரமே மாமியின் கதையில் ஒரு தோமஸ் வந்து நின்றார். விதியை வெட்டிவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கதை எழுதி முடித்த கையோடு மாமி காய்ச்சலில் விழுந்தார். மறுநாள் காலையிலும் கண்ணைத் திறக்கவில்லை. நானும் அம்மாவும் பூசைக்குப் போய்வந்தோம். மத்தியானம் பத்திரிகையிலிருந்து ஃபோன் வந்தது. திங்கள் காலை கதை கைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாருடையதையாவது போட்டுவிடுவார்களாம். அப்பா மாமியின் அறை வாசலில் போய் நின்றுவிட்டு, எழுப்ப மனமில்லாமல் திரும்பி வந்தார். நான்கு வருடப் பெருமை அவர் முகத்திலேயே வாடியது.

கதை மேசையில்தான் கிடந்தது, பழைய கப்பல் படிவங்களின் பின்பக்கத்தில். இல்லாதது பெயர்கள் மட்டும். பூசைத்தாளில் நானும் அன்று ஓலையைக் குறித்திருந்தேன். ஹெந்தளைப் பங்கைச் சேர்ந்த அல்பிரட் மரியநாதன். எங்கள் பங்கைச் சேர்ந்த றொசலின். இரண்டாம் ஓலை. கதையில் போத்தல் என்பவன் சீனியைக் கலியாணம் கட்ட வருகிறான். அவனுக்கு ஏற்கெனவே கரண்டி என்கிற ஊரில் பெண்சாதியும் பிள்ளையும் இருப்பது சீனிக்குத் தெரியாது. நான் போத்தலை அல்பிரட் மரியநாதன் ஆக்கினேன். சீனியை றொசலின் ஆக்கினேன். கரண்டி ஹெந்தளை ஆனது. எல்லாம் ஒரே ஓலையிலேயே கிடைத்துவிட்டதில் எனக்குப் பரம சந்தோஷம். என் அழகான கையெழுத்தில் பிரதி எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

“பேரெல்லாம் மாமி சொன்னவ” என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

மாமி எப்போதும் ஒரு ஓலையிலிருந்து ஒரு பெயர்தான் எடுப்பார், மற்றதை இன்னொரு வாரத்து ஓலையிலிருந்து எடுப்பார் என்பதை நான் அத்தனை நாள் பின்னால் நின்று பார்த்தும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. கோயில் வாசலில் பத்திரிகையும் விற்றது. பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். றொசலினின் அம்மா. பின்னால் அவருடைய தம்பி, கையில் மடித்த பத்திரிகையோடு. மாமி அப்போதுதான் எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்ஸுக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா எங்கட வீட்டுக்கு நேரா வந்து சொல்லியிருக்கலாம்தானே” என்றார் அந்த அம்மா. “தடை தெரிஞ்சா சொல்லவேணும்தான். அதுக்குப் பேப்பரிலயா சொல்லுறது?”

தம்பிக்கு என் மாமிமேல் கோபமே இல்லை. நன்றிதான் இருந்தது. “துறைமுகப் பக்கம் வேலை செய்யிற ஆக்களுக்கு எல்லாக் கதையும் காதில விழும். நல்ல காலம், எழுதிப்போட்டீங்க. பாதரிட்டச் சொல்லி நிப்பாட்டியாச்சு. அவனையும் வரச்சொல்லியிருக்கு. பிள்ளைதான் அறைக்குள்ள பூட்டிக்கொண்டு அழுறாள்.”

மாமி பத்திரிகையை வாங்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படியே கரைந்து நிலத்துக்குள் போய்விடமாட்டேனா என்று இருந்தது. ஒரு கலியாணத்தை நான் கொன்றுவிட்டேன். மாமி வாயைத் திறந்தால் அப்பா கையை ஓங்குவார்.

“பேர் போட்டது நான்தான்” என்றார் மாமி. “பிழை என்னில. அந்த மாப்பிள்ளையை எனக்குத் தெரியாது. கண்டதே இல்லை.”

அவர்கள் நம்பவில்லை. மாமி எழுந்தார். அலுமாரிக்கு மேலிருந்து கதையின் முதல் பிரதியை, அந்தக் கப்பல் படிவங்களை எடுத்து என் கையில் தந்தார். “நீயும் வா” என்று மட்டும் சொன்னார். வாசலில் ஓட்டோ ஒன்றை மறித்து, “மல்லி, இக்மனட்ட” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். றொசலினின் அம்மாவும் தம்பியும் பின்னால் வந்தார்கள். வீட்டில் போடுகிற பழைய சட்டையோடேயே வந்துவிட்டார் என்பதை ஓட்டோவுக்குள்தான் கவனித்தேன்.

பங்குத்தந்தையின் அறையில் அல்பிரட் மரியநாதன் தன் தாயோடு நின்றார். உயரமான மனிதர். கோபமாக இருப்பார் என்று பயந்திருந்தேன். அடி வாங்கிய பிள்ளையின் முகம்தான் இருந்தது. மேசையில் ஓலைப் புத்தகம் விரித்துக் கிடந்தது. அந்த இரண்டு பெயர்களுக்கு நேரே, மூன்று ஓலைக்கும் மூன்று கட்டங்கள். இரண்டில் தேதி இருந்தது. மூன்றாவதில் பங்குத்தந்தை எழுதாமல் பேனையை மூடி வைத்திருந்தார்.

மாமி யாரிடமும் மன்றாடவில்லை. என் கையிலிருந்து தாள்களை வாங்கி வாசிக்கத் தொடங்கினார்.

‘போத்தல் நல்ல வேட்டி கட்டி வந்திருந்தான். சீனி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.’

பங்குத்தந்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது வரியில் ‘கரண்டியில் அவனுக்கு ஒரு பிள்ளை இருந்தது’ என்று வந்ததும் அல்பிரட்டுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பிறகு அவருடைய தாய்க்கு. நன்றியோடு வந்த அந்தத் தம்பிகூடப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார். படிவத்தின் மறுபக்கத்தில் கப்பலின் பெயரும் பெட்டிகளின் எண்ணிக்கையும் இருந்தன, எந்தப் பக்கத்திலும் ஓர் அல்பிரட்டும் இல்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மாமி அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. காய்ச்சலில் அடைத்த குரலிலேயே தொடர்ந்து வாசித்தார். சீனிக்கு உண்மை தெரியவருகிறது. சீனி கலியாண முக்காட்டை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். அவன் வாயாலேயே கேட்கவேண்டும் என்று வாசல் படலையில் போய் நிற்கிறாள். போத்தல் வருகிறான், எதுவும் சொல்ல வராமல் முழங்காலில் விழுகிறான். சீனி அவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கிறாள். “பிள்ளை தேடும், போங்கோ” என்கிறாள்.

சிரிப்பு எந்த வரியில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்தபோது றொசலினின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், தன் மகளுக்காக இல்லை, சீனிக்காக. பெயரே இல்லாத இரண்டு பேருக்காகப் பெரியவர்கள் அழுகிறார்கள். கோயிலுக்குள் எத்தனையோ தடவை முழங்காலில் நின்றிருக்கிறேன். அந்த அறையில் வந்த பயபக்தி எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள், யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று தெரியாத அளவுக்கு. அல்பிரட் ஓட்டோவுக்குக் காத்திராமல் றொசலினின் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். பங்குத்தந்தை எங்களைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றார்.

மாமி அசையவில்லை. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூண்டாவதையும் எழுதுங்கோ பாதர். பார்த்திட்டுப் போறன்.”

“எழுதுவன்தானே, பிறகு.”

“இப்ப எழுதுங்கோ.”

பங்குத்தந்தை மாமியை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பேனையைத் திறந்து மூன்றாவது கட்டத்தில் தேதி போட்டார். மை காயும்வரை மாமி அங்கேயே நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று இரண்டு மணிக்கே, தவறிப்போன சனிக்கிழமைக் கதைக்காகத் திரும்பவும் மேசையில் உட்கார்ந்தார். மேசையில் காய்ச்சல் குளிசை கிடந்தது. அந்தக் கதையின் நாயகனுக்குப் பெயர் பெனடோல்.

இப்போது நானும் கதை எழுதுகிறேன். லப்டொப்புக்குப் பக்கத்தில் கிடக்கிற சார்ஜரும் குவளையும்தான் என் ஆட்களுக்கும் முதல் பெயர். போன வருடம் என் ஓலைக்குப் பெயர் கொடுக்க அதே அறைக்குப் போனேன். புதிய பங்குத்தந்தை வரும்வரை, மேசையில் அடுக்கியிருந்த பழைய ஓலைப் புத்தகங்களைச் சும்மா புரட்டினேன். நான் பிறப்பதற்கு முந்திய வருடத்தில் மாமியின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பிரான்சிஸ் என்று ஒரு பெயர். முதலாம் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்திலும் தேதி இருந்தது. மூன்றாவது கட்டத்தில் ஒன்றும் இல்லை.

அன்று மாமி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது காய்ச்சல் களைப்பில் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.