முன்னாள் மாணவர் சுவரில் என் படம்

என் படத்தை நானே மூன்றடிக்கு இரண்டடியாகப் பெரிதுபடுத்தி, சட்டம் போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடத்துனர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணனா சார்?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

நான் படித்த பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில், புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு சுவர் ஒதுக்கியிருப்பதாகவும் படம் அனுப்பலாம் என்றும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. எங்கள் பள்ளியில் படித்தவர்களில் விமான நிலையம் கட்டியவர் உண்டு. சினிமாவுக்கு அரண்மனை செட் போட்டு, அதைக் கொளுத்தியும் காட்டியவர் உண்டு. நான் கட்டியது எங்கள் வீட்டு மாடிப்படி. பாதி ஏறியதும் குனிய வேண்டும். அத்தோடு நகைச்சுவை எழுதப் போய்விட்டேன்.

என் மனைவி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் கொள்முதல் பார்க்கிறாள். அந்தப் படிப்பால் என்ன பயன் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. படியேறும்போது குனிவாள், அவ்வளவுதான். அந்தக் குனிவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பதே என் நோக்கம்.

படத்தை மாட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டெல்லாம் கட்ட வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அப்படி ஒரு எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை.

சுவரைப் பார்த்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. மற்றவர்களெல்லாம் சின்னச் சின்னப் படங்களாக ஓரத்தில் ஒண்டியிருக்க, நட்டநடுவில் நான். விமான நிலையக்காரர் மொத்தமாகவே என் காது அளவுதான். அவள் என் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக என்னைப் பற்றிய அபிப்பிராயம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சேலை முன்பக்கம் எவ்வளவு மின்னினாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அவள் வாங்கமாட்டாள். அதே பழக்கத்தில் என் படத்தின் கீழ்முனையைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள்.

"மேடம், அத்தத் தூக்காதீங்க" என்று ஓடி வந்தார் அலுவலக உதவியாளர்.

பின்னால் சுவர் பச்சையும் கறுப்புமாக ஈரத்தில் உப்பியிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னார். மழை பெய்தால் அங்கே ஓதம் ஏறுகிறதாம். பூசிப் பார்த்தும் நிற்கவில்லை. வெளியே சொல்லவும் வழியில்லை, கட்டடத்தை வரைந்து கொடுத்தவரே அந்த விமான நிலையக்காரர்தான். அவர் படத்தை வைத்தே மறைக்கலாமென்றால் அது அஞ்சலட்டை அளவு.

"சாரோடதுதான் கரீட்டா உக்காந்துச்சு மேடம்" என்றார். "போடலாமா வேணாமான்னு ரொம்ப நாளா பேசிக்கினு இருந்தாங்க. டேப் வெச்சிப் பாத்தாங்க, ஒரே பேச்சுல முடிச்சிட்டாங்க."

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. பின்னாலிருந்து அவள் என் தோளில் கை வைத்தாள். ஆறுதலாக்கும் என்று நினைத்தேன்.

"ஐப்பசி மழையில ஓதம் இன்னும் பரவுங்க" என்றாள். "இத விடப் பெருசா ஒரு போட்டோ எடுத்து வெச்சிடுங்க."