சாம் அங்கிளோடு கேளம்பாக்கம் வரை

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னாள் கார் ரேஸ் வீரர் ஒருவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கேளம்பாக்கம் போய்வந்தேன். அவர் சாம் அங்கிள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரராக இருந்தவர். இப்போது கோவிலம்பாக்கத்தில் மகளோடு இருக்கிறார். "வரதனைப் பாக்கணும்மா, கூட்டிட்டுப் போறியா?" என்று போனில் கேட்டிருந்தார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரேஸுக்கென்று தனி வண்டியெல்லாம் அவரிடம் கிடையாது. வாரம் முழுக்க ஆபீஸுக்குப் போகிற அதே பியட்தான். சனிக்கிழமை சாயங்காலம் பின்சீட்டைக் கழற்றி வராந்தாவில் போட்டுவிட்டு, கதவில் சுண்ணாம்பால் நம்பர் எழுதுவார். மறுநாள் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ். ஜெயித்துவிட்டால் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம். திங்கட்கிழமை நம்பர் அழிந்திருக்கும். டீச்சராக இருந்த அவர் மனைவி அதே காரில் ஸ்கூலுக்குப் போவார்.

அவருடைய கடைசி ரேஸ். ஜெயித்தால் தங்கள் ரேஸ் வண்டியை ஓட்டத் தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. கடைசிச் சுற்றில் முன்னால் நண்பர் வரதன், ஒட்டினாற்போல் இவர். வளைவில் வரதனின் கார் கவிழ்ந்தது. தாண்டிப் போயிருந்தால் வெற்றி. இவர் நிறுத்திவிட்டு இறங்கி, வரதனை வெளியே இழுத்தார். கம்பெனி வண்டி வேறொருவருக்குப் போனது. அதோடு சாம் அங்கிளின் ரேஸ் முடிந்தது. கால் உடைந்த வரதன் அதன்பிறகு எங்கள் தெருப்பக்கம் வரவே இல்லை.

காலை ஏழு மணிக்குக் கோவிலம்பாக்கத்தில் கிளம்பினோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கேளம்பாக்கம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஞாயிறு காலை என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம்.

வரதன் ஊன்றுகோலோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் காபி வந்தது.

"நீ பாட்டுக்குப் போயிருக்கலாம்டா," என்றார் வரதன். "என்னாலதான் உனக்கு எல்லாம் போச்சு. எந்த மூஞ்சிய வெச்சுகினு உன்னைப் பாக்கறது?"

"அட, என் இன்ஜின் அப்பவே சூடாகிப் போச்சுடா. நீ கவுறலைன்னாலும் நான் முடிச்சிருக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

வரதன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மதியச் சாப்பாடு வரை கியர், டயர், வளைவு என்று ஒரே பேச்சு. என்னை இருவரும் மறந்தே போனார்கள்.

திரும்பும்போது வண்டலூர் சாலையைப் பிடித்தோம். அங்கிள் அந்தக் காலத்தில் பயிற்சி எடுத்த சாலை. அப்போது மாடுகள்தான் குறுக்கே வருமாம். இப்போது வழி நெடுக அடுக்குமாடி வீடுகள். நீங்கள் போவதானால் ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் நெரிசல் அதிகம். பார்க்கவேண்டியவர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டலூர் நெருங்கும்போது கேட்டேன். "இன்ஜின் நெஜமாவே போயிடுச்சா அங்கிள்?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கு அவனுக்கு நினைவே இல்லம்மா. சோழவரத்துலேர்ந்து பெரியாஸ்பத்திரிக்கு என்னோட அந்த பியட்லதான் கொண்டு போனேன். அவ்ளோ வேகமா நான் ரேஸ்லகூட ஓட்டினதில்ல."