கொடியில் தொங்கிய அப்பாக்கள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் கல்லூரி வகுப்பு நடக்கும். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வருகிற நூற்பட்டியலை எப்படி எழுதுவது என்று யாராவது ஆசையாகப் படிப்பார்களா? நாங்கள் படித்தோம். எங்கள் மிஸ் அப்படி. வகுப்பின் குறுக்கே துணிக்கொடி கட்டி, ஒரு டப்பா கிளிப்போடு வந்து நிற்பார். பெயர், ஆண்டு, தலைப்பு என்று தனித்தனியாக வெட்டிய அட்டைகளை நாங்கள் வரிசை பிசகாமல் மாட்ட வேண்டும். காற்புள்ளிக்குக்கூட ஓர் அட்டை உண்டு. அதை விட்டுவிட்ட பெஞ்சை அன்று முழுக்க ஓட்டித் தள்ளிவிடுவோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள், பிற்காலத்தில் நாங்களே எழுதப்போகும் கட்டுரைக்கு நூற்பட்டியல் வரி எழுதி மாட்டச் சொன்னார். விதிப்படி குடும்பப் பெயர் முதலில், பிறகு காற்புள்ளி, சொந்தப் பெயரின் முதலெழுத்து. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரும் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கொடி முழுக்க அப்பாக்கள். ஹார்பர் கிரேன் ஆபரேட்டர், வியாசர்பாடி ஆட்டோக்காரர், டோல்கேட் மளிகைக்கடைக்காரர் எல்லாரும் ஆய்வாளர்களாகத் தொங்கினார்கள். அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக் கிண்டலடிக்கும் பையன்களுக்குக் கொண்டாட்டம்.

என் அட்டை மட்டும் காலி. என் அப்பா எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவர். ராயபுரத்தில் இறால் உரித்து என்னைப் படிக்கவைத்தவள் அம்மா. நான் எழுதுவதற்கு முன்னால் அந்த ஆள் பெயரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் மாட்டவில்லை என்று மிஸ் கேட்டதும் வெடித்துவிட்டேன்.

“எயுதப்போறது நானு. வுட்டுட்டுப் போன ஆளு பேரு இன்னாத்துக்கு மிஸ் முன்னால நிக்கணும்?”

மிஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“இதுல குடும்பப் பேருன்னுதான் போட்டிருக்கு. அப்பா பேருன்னு இல்ல. உன் குடும்பம் யாரு?”

அம்மா பெயரை எழுதி மாட்டினேன். அகர வரிசையில் அது கொடியின் முதல் இடத்துக்கு வந்தது.

போன மாதம் என் முதல் கட்டுரையை வேறொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்தார். காலடிப்பேட்டை வீட்டில் அம்மாவிடம் போனை நீட்டி, நூற்பட்டியலில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். அம்மா பெயர், காற்புள்ளி, என் முதலெழுத்து.

“நான் இன்னாடி எயுதுனேன்?” என்றாள் அம்மா.

போனை மட்டும் திருப்பித் தரவில்லை.