பூட்டின் விலை

வெள்ளைக்காரன் காலம். பூந்தமல்லியில் எனக்கு ஒரு செக்கும் இரண்டு மாடுகளும் இருந்தன. எள் மண்டிக்காரர் கடன் பாக்கி என்று போட்ட பொய் வழக்கில் கோர்ட்டு என்னைத் திவாலானவன் என்றது. என் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட்டு நியமித்த ரிசீவர் வந்து செக்குக் கொட்டகையைப் பூட்டி, காவலாளும் வைத்தார்.

அப்பீலில் அந்த உத்தரவு ரத்தானது. சாவி கேட்டு ஓடினேன்.

ரிசீவரின் குமாஸ்தா தலையாட்டினான். “ஜெயிச்சது நீதான் நைனா. ஆனா ரிசீவர் பீஸு, காவக்காரன் கூலி எல்லாம் உன் சொத்துலேர்ந்துதான் எடுக்கணும்னு தீர்ப்புலயே கீது.”

“தப்பே பண்ணாத நான் இன்னாத்துக்குக் கட்டணும்?”

அவன் கணக்குச் சீட்டை என் முன் வைத்தான்.

மாடுகளை விற்றுக் கட்டினேன். என்னை வெளியே நிறுத்திய பூட்டுக்கும் என்னிடமே விலை வாங்கினார்கள். குமாஸ்தா அதைக் கழற்றி நீட்டினான். “இனிமே இது உன்னுது.”

மாடில்லாத செக்கும் பிறகு போயிற்று. பூட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. நல்ல பூட்டுதான். பூட்டி வைக்கத்தான் என்னிடம் ஒன்றுமில்லை.