சுந்தர்சிங் விட்டுக்கொடுத்த இடம்

சுந்தர்சிங் வக்கீலுக்குப் படிக்காமல் போனது பொது நன்மைக்குத்தான் என்று கருங்கல் வட்டாரத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். படிக்காமலே இந்தப் பாடு. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த காலம் முழுவதும் தலைவரிடம் துணைவிதிகளைப் பற்றி வாதாடினார். பேருந்தில் நடத்துநரிடம் நிறுத்தங்களைப் பற்றி. திருச்சபைக் கூட்டத்தில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் பற்றி. யாராவது ஒரு தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டால், சாவு வீடானாலும் திருத்திவிட்டுத்தான் உட்காருவார். நேர்மையான மனிதர். அதனால் அவரை யாரும் அதிகம் வீட்டுக்கு அழைப்பதில்லை.

அவரோடு சரிக்குச் சரி நின்றவர் மனைவி செல்லபாய் மட்டும்தான். மகன் லிஜின் மஸ்கட்டுக்குப் போனபின் அந்த வீட்டில் வாதியும் பிரதிவாதியும் மட்டுமே மிச்சம்.

“எங்கிட்ட வாதிச்சு வாதிச்சு எனக்க காது போச்சு,” என்பார் செல்லபாய். “கறுப்புக் கோட்டு போட்டுட்டு கோர்ட்டுல போயி வாதியுங்க. அங்க கேட்டுட்டு இருக்கியதுக்கு சம்பளம் குடுத்து ஒருத்தர வச்சிருக்கு.”

சுந்தர்சிங் ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு செல்லபாயின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் திருவனந்தபுரத்துக்குப் போவதும் வருவதுமாகக் கழிந்தது. அப்படித் திரும்பி வந்த ஒரு நாள், களியக்காவிளை நெரிசலில் பேருந்து நகராமல் நின்றபோது செல்லபாய் பேச்சை எடுத்தார்.

“மூணு வருச சட்டப் படிப்புக்கு வயசு வரம்பு கெடையாதாம். ஃபோன்ல பாத்தேன். போடுங்க.”

“அறுவத்தோரு வயசு எனக்கு. படிச்சு முடிச்சா அறுவத்தி நாலு. எவன் கேஸ் தருவான்?”

“கேஸ் ஆரும் தரண்டாம். நீங்க உள்ளுக்க போனா போரும்.”

எப்போதும் வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொள்ளாதவர், அன்று சோர்ந்துபோயிருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி அலைச்சலில் நாள்கள் போய், விண்ணப்பத்தின் கடைசித் தேதி மாலையில்தான் கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் கணினி மையம் வைத்திருக்கும் சுஜியிடம் போனார். சுஜி, செல்லபாயின் அண்ணன் மகள்.

“மாமா, டிகிரி மார்க்கு நாப்பத்தெட்டு சதமானம்தானா?”

“எம்பத்தஞ்சுல பி.ஏ. வரலாறு. அந்தக் காலத்துல நாப்பத்தெட்டுன்னா சாதாரணமில்ல. எங்க வகுப்புல பாதிப் பேரு தோத்துப்போனான், தெரியுமா?”

“அந்தக் காலத்த டைப் பண்ணியதுக்கு இதுல எடமில்ல மாமா. இப்பம் எல்லாவனும் எம்பது, தொண்ணூறுன்னு வச்சிட்டு வாறான். மார்க்கு வரிசையிலதான் எடம்.”

“அப்பம் கெடைக்காதுங்கியா?”

சுஜி விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். கர்நாடகத்துப் பக்கம் காசு கட்டினால் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு என்று பிறகு மெதுவாகச் சொன்னாள். “அதுக்குப் பேரு அட்மிஷன் இல்ல, கொள்முதல்,” என்று எழுந்துவிட்டார் சுந்தர்சிங். ஆனால் அன்றிலிருந்து சந்தைக்கு வரும்போதெல்லாம் மையத்தின் வாசலில் வந்து நின்றார். போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவனுக்கு எத்தனை மார்க் என்று கேட்பார். அவள் சொல்வாள். அந்த எண் குறைந்திருக்குமோ என்பதுபோல மறுபடியும் வந்து கேட்பார்.

அவர்களுடைய சபையில் ஞாயிறு ஆராதனையின்போது நோயாளிகளின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். ஆறு மாதமாக அதில் செல்லபாயின் பெயர் வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு அது வரவில்லை. பெயர்கள் முடிந்தபின் போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நம்முடைய சகோதரர் சுந்தர்சிங் அவர்களுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கும்படி ஜெபிப்போம்,” என்றார். பின்வரிசை இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்; பக்தியினால் அல்ல.

பக்கத்தில் இருந்த ஆன்ட்ரூஸ் காதருகே சாய்ந்தார். “ஓய், நியாயத்தீர்ப்பு நாள்ல கர்த்தர்கிட்ட வாதாடியதுக்கா இந்தப் படிப்பு?”

சுந்தர்சிங்குக்கு அது கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் இரண்டு மூன்று பேர் மலர்ந்த முகத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். பெயர் ஜெபத்திலிருந்து போவதற்கு இரண்டு காரணங்களே உண்டு. மரண அறிவிப்பு எதுவும் வராததால் அவர்கள் மற்றதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

“ஸ்தோத்திரம் அண்ணே. பேரு வரல்லியே, அக்காவுக்கு சொகமாயிட்டுதா?” என்றாள் சபிதா.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் செல்லபாய் கட்டிலில் சாய்ந்து கைப்பேசியில் ஆராதனையின் நேரலையைப் பார்த்து முடித்திருந்தார்.

“உனக்க பேர ஆரு எடுக்கச் சொன்னது?”

“நான்தான். போதகருக்கு ஃபோன் போட்டு சொன்னேன். ஒரே மனுவ எத்தர தடவ போடியது? தீர்ப்பு வந்த மனுவத் திரும்பப் போடப்பிடாதுன்னு நீங்கதானே சொல்லுவிய.”

“தீர்ப்பு வந்த மனுவத்தான். உனக்குத்தான் ஒண்ணும் வரல்லியே?”

“வந்தாச்சு. மருந்து வாங்கியதுக்கு உங்கள டாக்டரு வெளிய அனுப்புனாரே, அப்பம் கேட்டேன். சொன்னாரு.”

சுந்தர்சிங் செருப்பைக் கீழே வைத்தார்.

“எனக்குப் பொறவு நீங்க ஆருகிட்ட வாதிப்பிய?” என்றார் செல்லபாய். “சொவருட்டயா? அதுக்குத்தான் சீட்டு கேட்டேன். வந்து கஞ்சி குடியுங்க.”

தரவரிசைப் பட்டியல் வந்தபோது செல்லபாய் எழுந்து உட்காரும் நிலையில் இல்லை. சுஜி அழைத்தாள். பெயர் இருந்தது, நாலாயிரத்துச் சொச்சத்தில். தகுதியுள்ள எல்லாரையும் மார்க் வரிசையில் நிறுத்திய பட்டியல் அது. வரிசையில் நிற்பது வேறு, உள்ளே போவது வேறு. முந்தின ஆண்டு யாரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட உள்ளே போகவில்லை.

“பேரு உண்டா?” என்று சுந்தர்சிங் கைப்பேசியில் கேட்டது, கட்டில் வரைக்கும் கேட்டது.

“உண்டுன்னா சொல்லுகா?” என்றார் செல்லபாய்.

“உண்டு. ஆனா ரேங்க் லிஸ்டுன்னா...”

“உண்டுல்லா?” செல்லபாய் கண்ணை மூடிக்கொண்டார். “ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கெழம காணிக்க வச்சிரணும். போதகருக்கு நான் சொல்லியேன்.”

“ஏட்டி, நான் சொல்லியதக் கேளு. லிஸ்டு வேற, சீட்டு வேற...”

“வாதிக்காண்டாம். இண்ணைக்கு ஒரு நாள் சும்ம இருங்க.”

சும்மா இருந்தார். அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் செல்லபாய் மூன்று கரண்டி கஞ்சி குடித்தார். அதற்கு முன் நான்கு நாளாக வெறும் தண்ணீர்தான் இறங்கியிருந்தது.

ஞாயிறன்று போதகர், சுந்தர்சிங்குக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காகச் செல்லபாய் அம்மாள் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதாக அறிவித்தார். காணிக்கைக்கு உரியவர் எழுந்து நிற்பது வழக்கம். சுந்தர்சிங் எழுந்தார். போதகர் சொன்ன வாக்கியத்தில் ஒரு தப்பு இருந்தது. ஒரு சொல்லில் திருத்தியிருக்கலாம். சபை கை தட்டியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மாடியில் நேரலைக்காக வைத்திருந்த காமிராவைப் பார்த்துக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை நின்றார்.

“வக்கீலே!” என்று ஆன்ட்ரூஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த முறை கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் செல்லபாய் இறந்தார்.

கல்லூரிகள் திறந்தன. சுந்தர்சிங் எங்கும் போகவில்லை. ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தது. பெண்சாதி போன துக்கத்தில் கையில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்ட மனிதர் என்றார்கள். அவரைக் கண்டால் ஒதுங்கிப்போனவர்கள்கூட நின்று பேசினார்கள். சபைக் கூட்டத்தில் அவரை உதாரணமாகவே சொன்னார்கள். ஊரே தப்பாகச் சொன்னது, அவர் திருத்தவில்லை. கூட்டங்களில் இப்போது வாய் திறப்பதும் இல்லை. அமைதியான மனிதர் என்று பெயர் வந்துவிட்டது. அவரைப் பற்றிச் சொல்லப்பட்டதிலேயே பெரிய பொய் அதுதான்.

மறு ஆண்டு விண்ணப்பம் தொடங்கிய வாரத்தில், சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு போனவரைச் சுஜி கூப்பிட்டாள்.

“மாமா, இந்த வருசம் ஆதியமே போட்டிரலாம். அந்தக் காசுக் காலேஜுகளையும் ஒண்ணு பாப்போம். அத்தைக்க ஆசையில்லியா?”

“வேண்டாம் மக்கா.”

“ஏன்?”

“போட்டா கெடைக்காது. போன வருசம் கெடச்சவனுக்கு இந்த வருசம் எப்பிடிக் கெடைக்காமப் போச்சுன்னு ஊரு கேக்கும்.” மீன் பையை மறு கைக்கு மாற்றினார். “காணிக்க வச்சது உனக்க அத்தையாக்கும்.”