யார் வீட்டு முடி

நாய் வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் போய் நிற்கவில்லை. ஒரகடம் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஒரு வெளிநாட்டு என்ஜினியருக்கு என் மனைவி சமையல் செய்துகொண்டிருந்தாள். அவர் ஊருக்குத் திரும்பும்போது பிரிட்ஜை ஒருவருக்கும் வாஷிங் மெஷினை இன்னொருவருக்கும் கொடுத்தார். நாயை இவளிடம் கொடுத்தார். பனி பெய்கிற நாட்டு ஜாதி. சாம்பலும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் முடி. நாள் பூராவும் ஏசியில் கிடந்த அந்த ஜீவனை, படப்பைக்கு இந்தப் பக்கம் புது மனைப் பிரிவில் ஷீட் கூரை போட்ட எங்கள் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அவர் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. இவள் ‘கண்ணு’ என்று கூப்பிட்டாள். ஒரே வாரத்தில் அது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு மேல் இதில் விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஈஸ்டர் கழிந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது என்றால் உங்கள் வீட்டு நாய்க்குக் கொட்டுகிற மாதிரி இல்லை. தலையணை கிழிந்தால் பஞ்சு வருமே, அப்படிக் கொத்துக் கொத்தாக வந்தது. சோற்றில் முடி, குடத்துத் தண்ணீரில் முடி, பைபிளுக்குள் முடி. என்ஜினியர் விட்டுப்போன இரும்புச் சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு இவள் தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சீவுவாள். அடி முடி மட்டும் இப்படித்தான் உதிரும், சீவிச் சீவி எடுத்தால் ஒரு மாசத்தில் நின்றுவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். ஒரு மாசம் பொறுக்கிற ஆளா நான்?

என் வேலை அப்படி. கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள் நான், ஆறு வருஷமாக. வண்டியின் உடம்பு பெயின்ட் அறைக்குள் போவதற்கு முன்னால் ஒரு மெஷின் வழியாக வரும். அதில் ஈமு கோழி இறகு கட்டிய பெரிய உருளைகள் சுற்றிச் சுற்றித் தூசியைத் துடைக்கும். மெஷினைத் தாண்டி வந்ததும், மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பசை தடவிய ஒட்டுத் துணியால் கடைசியாகத் துடைப்பது நான். அங்கே பவுடர் போடக் கூடாது, தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது. உள்ளே நுழையும்போது உடம்பின் மேல் காற்றடித்துத்தான் விடுவார்கள். ஒரு நூலிழை விழுந்தாலும் பெயின்ட் காய்ந்த பிறகு அது புடைத்துக்கொண்டு தெரியும். அந்த வண்டியைத் திரும்பத் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

முதலில் என் சட்டைக் காலரில்தான் கண்டுபிடித்தார்கள். உள்ளே விடுவதற்கு முன் பசை ஒட்டிய சின்ன உருளை ஒன்றை உடம்பில் உருட்டிப் பார்க்கும்போது நாலைந்து சாம்பல் முடி வந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மூன்றாம் நாள் ஒரு கறுப்பு வண்டியின் பானட்டில் மெல்லிசாக ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. ஊசியால் கிளறி எடுத்து, கண்ணாடி டேப்பில் ஒட்டி, ரிப்போர்ட் தாளோடு வைத்தார்கள். சாம்பல் நிறம். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார். கீது சார் என்றேன்.

“அடுத்த மாசம் கான்ட்ராக்ட் பேப்பர் வருதுண்ணே. இன்னொரு முடி வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. ஒண்ணு நாயப் பாருங்க, இல்ல வேலையப் பாருங்க.”

நல்லவர்தான். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் இந்த வேலை போனால் வேறு எந்த கேட்டில் போய் நிற்பது? அந்த ரோட்டில் கம்பெனிக்குக் குறைவில்லை. ஆனால் எல்லா கேட்டிலும் இருபது வயதுப் பிள்ளைகள் பயோடேட்டாவோடு நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். இவள் சீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“அது கண்ணு முடிதான்னு எவன் பாத்தான்? கம்பெனில பூதக்கண்ணாடி வச்சிக்கினு கீறீங்களே, நீங்க பாத்தீங்களா?”

“வேற எவன் வூட்டு முடி? உங்கப்பன் வூட்டு முடியா?”

அவள் அப்பா செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட வாய் எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் டிரிம்மரை எடுத்தேன். நாய் அடம் பிடிக்கவில்லை. தடவிக் கொடுக்கிறேன் என்று நினைத்ததோ என்னவோ, வாகாகக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. தோல் தெரியத் தெரிய மழித்தேன். லைனில் வேலை பார்ப்பவனுக்கு அரைகுறை ஆகாது, சுத்தம் என்றால் சுத்தம். முடி அரிசி மூட்டை நிறைய வந்தது. கடைசியில் பார்த்தால் ரோஜா நிறத்தில் ஒல்லியாக யாரோ ஒரு பிராணி நின்றது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். கோயிலிலிருந்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதோடும் விட்டேனா? மிச்சம் மீதி முடிகூட என் துணியில் படக் கூடாது என்று அதை வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் கட்ட ஆரம்பித்தேன். உள்ளே ஓடிவரும் என்று சங்கிலியைக் குட்டையாகப் போட்டேன்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ் வரும்போது பொழுது விடிந்திருக்காது. நான் கட்டிய இடம் அந்த நேரத்தில் குளுகுளு என்றுதான் இருந்தது. பத்து மணிக்கு இவள் வேறொரு வீட்டுச் சமையலுக்குக் கிளம்பும்போதும் அங்கே நிழல் இருந்திருக்கிறது. கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் போனாள். பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் சுவரின் அந்தப் பக்கம் போய்விட்டது. சங்கிலி அவ்வளவு தூரம் எட்டவில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டிருந்தது.

நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது இவள் அதைத் தூக்கி மடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முதுகு முழுக்கச் சிவந்து கொப்பளித்திருந்தது. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது. ஆட்டோ பிடித்து வாலாஜாபாத்தில் இருக்கிற மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஊசி போட்டார், ஈரத் துணி சுற்றினார், குளுக்கோஸ் ஏற்றினார். அரை மணி நேரம் போராடினார். அது இவள் கையை ஒரு தரம் நக்கியது. அப்புறம் இல்லை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே யார் மழித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“முடி கொட்டுனா சீவி எடுக்கணும்பா, மழிக்கக் கூடாது. வெயில் தோல்ல படாம இருக்கத்தான் அந்த முடி. கூரையப் பிரிச்சிட்டு வெயில்ல உக்கார வச்சிருக்க.”

சீவிக்கொண்டுதான் இருந்தேன் என்று இவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் யாரும் வாங்காத மனையில் குழி வெட்டினேன். மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது, கடப்பாரை போட்டுத்தான் தோண்டினேன்.

கான்ட்ராக்ட் பேப்பரில் கையெழுத்தானது. சூப்பர்வைசர் கை கொடுத்தார்.

ஜூன் கடைசியில் மறுபடியும் பானட்டில் சாம்பல் இழை வந்தது. ஒரே ஷிப்டில் நாலு வண்டி. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். நாய் செத்து மாசமாகிறது சார் என்றேன். லைனை நிறுத்தி இறகு மெஷினைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு உருளைகளில் இறகு நைந்து, பிசிறு பிசிறாகப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, பழைய ரிப்போர்ட்டை எடுத்துவந்து, டேப்பில் ஒட்டியிருந்ததை லென்ஸில் பார்த்தார். என்னிடமும் கொடுத்தார். “அன்னைக்கு வந்ததும் இதுதாண்ணே,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஆறு வருஷமாக அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதில் இருப்பது இறகு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். காலரில் நாலு முடி இருந்ததால், நாய்க்காரன் நான் இருந்ததால், யாருக்கும் அந்தப் பக்கம் திரும்பத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. மறுநாள் மெஷினுக்குப் புது இறகு மாற்றினார்கள். அதன் மேல் யாரும் கோபப்படவில்லை.

அந்த டேப்பைக் கேட்டு வாங்கிவந்தேன். இரும்புச் சீப்பு ஜன்னலில் அப்படியே இருந்தது, பல்லிடுக்கில் முடியோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போன் கேமராவில் பெரிசாக்கினேன். இறகில் பொடிப் பொடியாகக் கிளைகள் இருந்தன. முடி வழுவழு என்று ஒரே கோடாக இருந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும். இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அன்னிக்கே பாத்திருக்கலாமே,” என்றாள்.

போனை என்னிடம் கொடுத்தாள். சீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.