வாயை மட்டும் அசை

எட்டுக் கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, பென்சிலால் மெல்லத் தட்டினால் வரும் ஓசை... இன்னும் காதில் இருக்கிறது.

சித்தூரில் ஒரு ஆரம்பப் பள்ளி. எனக்கு இருபது வயது. ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். கான்வென்ட்டில் பியானோ கற்றவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. சின்னப் பிள்ளைகள் ஸ்வரத்தைக் கையால் தட்டிப் பழக வேண்டும் என்று டம்ளர்களை வரிசையாக வைப்பேன்.

ஒரு நாள் செங்கம்மா எழுந்தாள். கூலி வேலை செய்பவர்களின் மகள், ஏழு வயது.

"டீச்சரம்மா, மூணாவதுல ஒரு மடக்கு ஜாஸ்தியா கீது."

சொன்னதோடு நிற்கவில்லை. டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு வைத்தாள். தட்டினேன். ஸ்வரம் சரியாக நின்றது.

வாசலில் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தார். "என்னம்மா, உனக்கே ஒரு டீச்சர் கிடைச்சுட்டா!"

எச்சில் என்று சொல்லி அந்த டம்ளரை வெளியே வைக்கச் சொன்னேன். எச்சில் காரணமில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் பாட வரிசையில் நின்றார்கள். செங்கம்மாவிடம் மட்டும் குனிந்து, "நீ பாடாதே. வாயை மட்டும் அசை" என்றேன்.

அப்படியே செய்தாள். இன்ஸ்பெக்டர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

முடிந்ததும் அவள் அம்மா வந்தாள். வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

"இவ கொரலு எது டீச்சரம்மா? காது குட்துக்கினே நின்னேன், கேக்கவே இல்லியே... ஊட்ல தெருவே அதிர்ற மாதிரி பாடுவா. இங்க வந்து ஊமையாயிட்டியாடி?"

"சேர்ந்து பாடினா தனியா கேக்காதும்மா" என்றேன்.

செங்கம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாடிக்கினுதாம்மா இருந்தேன். உனக்குத்தான் காது கேக்கல."

அம்மா சிரித்துக்கொண்டே அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

எல்லை முடிவானபோது அவர்கள் திருத்தணிப் பக்கம் உறவினரிடம் போய்விட்டார்கள்.

போன வாரம் திருப்பதியில் கொள்ளுப்பேத்தியின் பள்ளி விழா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மைக். சுருதி தப்பினாலும் கைதட்டல். அந்தக் காலத்து ஒழுங்கு இப்போது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். அந்த விழாவில் அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பாராட்டிய கதையை என் கணவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவளைப் பற்றி, அவர் கண்மூடும் வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.